பந்தல்காரர் வீட்டு ஐஸ்பெட்டி

1974 மே 24, வெள்ளிக்கிழமை. வழக்கம்போல் விடியுமுன் எழுந்தேன். தெருக்குழாயில் தண்ணீர் வரும் நாள் அல்ல. முந்தின நாள் பிடித்து வைத்ததில் அளவாகக் குளித்தேன். சோடாக்கடையில் கையளவு ஐஸ் வாங்கி வந்து உடைத்து டம்ளரில் போட்டு, சிறிது தண்ணீர் ஊற்றி, என்னுடைய இரண்டு தெர்மாமீட்டர்களையும் அதில் நிறுத்தினேன். இரண்டும் பாரன்ஹீட்டில் முப்பத்திரண்டைக் காட்டின, ஐஸ் தண்ணீருக்கு அதுதான் கணக்கு. துடைத்து உறையில் போட்டேன். ஸ்பேனர்களைச் சிறியதிலிருந்து பெரியதாகப் பையில் அடுக்கினேன். இதைச் செய்யாமல் நான் ஒரு நாளும் வேலைக்குப் போனதில்லை.

அன்று முதல் வேலை அருப்புக்கோட்டை கடைவீதியில் ஒரு சாப்பாட்டுக் கிளப்புக்கடை பிரிட்ஜ். கதவு ரப்பர் கிழிந்திருந்தது, மாற்றினேன். எங்கள் ஏஜென்சிக் கடைக்குத் திரும்பியபோது பரளச்சிப் பக்கத்து ஆள் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, பந்தல்காரர் அனுப்புனாக. பெட்டி இப்ப ரொம்பக் குளுருதாம். சொம்புல வச்ச தண்ணி கல்லாயிருச்சாம். ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போகச் சொன்னாக."

"கோவமா இருக்காகளா?"

"கோவமா? சிரிச்சுக்கிட்டுல்ல சொன்னாக."

பத்து நாள் முன்பு குளிரவே இல்லை என்று சொல்லி அனுப்பிய அதே பெட்டி. பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

அதற்கு முன் சொல்ல வேண்டியது சில உண்டு. அது நடந்து பல வருடமாகிவிட்டது. செம்புக் குழாய் பற்றவைக்கும் புகை நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாமல், ஐம்பத்திரண்டு வயதில் போன வருடம் தொழிலை விட்டேன். இப்போது வேலை செய்கிற பையன்கள் மாலையில் வீட்டுக்கு வந்து, "அண்ணாச்சி, பெட்டி நல்லாத்தான் ஓடுது, கூலிங் நிக்க மாட்டேங்குது, என்ன செய்ய?" என்று கேட்பார்கள். முன்னெல்லாம் ஊருக்கு இரண்டு மூன்று வீட்டில் இருந்த சாமான் இப்போது தெருவுக்கு ஒன்று வந்துவிட்டது. தெரிந்ததைச் சொல்லி அனுப்புகிறேன். ஒரு வீட்டைப் பற்றி மட்டும் சொன்னதில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

நான் தொழில் கற்றது மதுரையில் ஒரு ஐஸ் பேக்டரியில். அம்மோனியா நெடியில் நான்கு வருடம் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றதைத் தவிர அங்கே சொல்ல ஒன்றுமில்லை. பிறகு பிரிட்ஜ் விற்கும் ஒரு ஏஜென்சியில் சேர்ந்தேன். அறுபத்தேழில் அருப்புக்கோட்டைக் கிளைக்கு அனுப்பினார்கள். எங்கள் சூப்பர்வைசர் இரத்தினசாமி. புதன்கிழமைதோறும் மதுரையிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். சட்டையில் ஒரு மடிப்புக் கலைந்திருக்காது. நாற்காலியில் உட்காரமாட்டார், மேசை விளிம்பில் சாய்ந்து நின்றபடி, அந்த வாரம் போன வீடுகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்வார். "கேஸ் குறைஞ்சிருக்கு சார்" என்றால், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி ஒரே கேள்வி கேட்பார்.

"பாத்தியா, நெனச்சியா?"

நினைத்தேன் என்றால் அதோடு முடிந்தது. திட்டமாட்டார். அடுத்த பஸ்ஸில் திரும்ப அந்த வீட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். பெட்டிக்குள் வெறும் காற்றில் தெர்மாமீட்டரை வைக்கக் கூடாது, கதவைத் திறந்ததும் ஏறிவிடும். நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து அதற்குள் நிறுத்தி, காலை, உச்சிப்பொழுது, மாலை என மூன்று தடவை பார்க்க வேண்டும் என்பது அவர் விதி. அதுவரை ஸ்பேனரைத் தொடக் கூடாது. ஏழு வருடத்தில் ஒரே ஒரு புதன்கிழமை மட்டும் அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை.

பந்தல்காரர் என்பது பட்டப்பெயர். பெரியவர் பெயர் சங்கரலிங்கம். பரளச்சிக்கு இரண்டு மைல் தள்ளி ஒரு ஊர். மிளகாய் வத்தல் வியாபாரம். மகன் வாரத்தில் பாதி நாள் விருதுநகரில் இருப்பார். பஸ் நிற்கும் இடத்தில், இவர்கள் குடும்பம் மாசி மாதம் பிறந்தால் தண்ணீர்ப்பந்தல் போட்டுவிடும்; முதல் மழை விழும் வரை பிரிப்பதில்லை. சுற்றிலும் கரிசல் காடு, வேலிக்கருவை, வற்றிய கண்மாய். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவன் அந்தப் பானையைப் பார்த்துவிட்டுத்தான் நடப்பான்.

மே 14, செவ்வாய்க்கிழமை, முதல் தடவை போனேன். அந்த வீட்டுக்குப் பிரிட்ஜ் வந்தது பேத்திக்காக. பொன்மணி, பதினோரு வயது. இரண்டு வருடமாகச் சர்க்கரை வியாதி. தினமும் காலையிலும் மாலையிலும் இன்சுலின் ஊசி. ஊசி போட அவள் அம்மா மங்கை மதுரையில் பத்து நாள் தங்கிக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். மருந்து சூட்டில் கெட்டுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மருந்து கெட்டால் பிள்ளை நிற்காது. அந்தப் பெட்டியில் வேறு எது கெட்டாலும் பரவாயில்லை.

நான் பையைக் கீழே வைத்ததும் அந்தப் பெண் வந்து நின்றுகொண்டாள். மெலிந்த கை, நீளமான சடை, ஓயாத வாய்.

"மாமா, எனக்குச் சக்கரை. இந்தப் பெட்டிக்கு என்ன, காச்சலா?"

"தெர்மாமீட்டர் வச்சுத்தான் சொல்லணும்."

"நாக்குக்கு அடியில வைப்பீகளா?"

"ஏட்டி, வேலை செய்ய விடு" என்றார் மங்கை. "விடிஞ்சா எந்திரிச்சா இப்படித்தாண்ணே. வாய்க்கு மட்டும் சீக்கு வரமாட்டேங்குது."

பெட்டி புதிது. கதவு இடுக்கில் காகிதத்தை வைத்து மூடி நாலு பக்கமும் இழுத்துப் பார்த்தேன், பிடித்தது. பின்பக்கக் கம்பிச் சுருளில் தூசி இல்லை. சுவரிலிருந்து ஒரு கையகலம் தள்ளியிருந்தது. தளம் சமமாக இருந்தது. டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அறுபதுக்கு மேல் காட்டியது. நாற்பது இருக்க வேண்டும்.

உட்கார்ந்திருந்த நேரத்தில் இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, கம்ப்ரசர் எழும்பப் பார்க்கும், உறுமும், டக்கென்று நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி உறுமும், நிற்கும். மீட்டரை வைத்தேன், நூற்று அறுபது வோல்ட்டுக்கும் கீழே. ஊரில் இருந்த கிணற்று மோட்டார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. கிணற்றில் ஊறுகிற கொஞ்சத் தண்ணீரை மின்சாரம் இருக்கும்போதே இறைத்தாக வேண்டும். இரவில் மோட்டார்கள் நின்றபின் வோல்ட் ஏறும், பெட்டியும் குளிரும். விடிந்தால் பழையபடிதான்.

இரண்டாவது, கதவு. நான் உட்கார்ந்திருந்த நேரத்தில் அது மூடியிருந்ததைவிடத் திறந்திருந்ததே அதிகம். காட்டிலிருந்து வந்தவர், கரி மூட்டம் போடுகிறவர், பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்கள், எல்லோரும் வாசலில் நின்று, "அய்யா, ஒரு சொம்பு ஐஸ் தண்ணி" என்றார்கள். பெரியவர் தானே எழுந்து போய் எடுத்துக் கொடுத்தார். காலியான சொம்பில் உடனே தொட்டித் தண்ணீரை மொண்டு உள்ளே வைத்தார். கத்திரி வெயிலில் தொட்டித் தண்ணீர் கைபொறுக்காத சூடு.

"அய்யா, வோல்டேஜு ஒரு கோளாறு. அதுக்கு மதுரையிலருந்து ஸ்டெபிலைசர் வரணும். ஆனா இந்தக் கதவ இப்படித் தொறந்தா எந்தப் பெட்டியும் தாங்காது" என்றேன்.

"பந்தலுக்கு வாரவுகதான் தம்பி, இங்கயும் வாராக. பெட்டி இருக்கது ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. என்ன செய்ய?"

"ஒரு பூட்டு மாட்டித் தாரேன். எங்கிட்டயே இருக்கு. சாவி பாப்பாவோட அம்மாட்ட இருக்கட்டும்."

பெரியவர் சிரித்தார். நான் வேடிக்கையாகப் பேசியதாகவே நினைத்துவிட்டார் போலிருந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தண்ணிக்கா பூட்டு?" என்றார். "எங்கய்யா செத்த அன்னிக்கும் பந்தல அடைக்கல தம்பி. பொணம் வீட்டுல கெடக்கு, நான் அங்க நின்னு மொண்டு ஊத்திக்கிட்டு இருக்கேன். என் வாசல்ல வந்து நாக்கு வறண்டு நிக்கிறவன்கிட்ட, பூட்டியிருக்குப்பான்னு எந்த வாயால சொல்ல?"

மங்கை அடுப்படி நிலையில் நின்றிருந்தார். "நான் சொல்லிப் பாத்துட்டேண்ணே. போன வாரம் ஒரு பொம்பளைகிட்ட தண்ணி இல்லன்னு சொன்னதுக்கு, பந்தல்காரர் வீட்டுல இப்படி ஒரு மருமகளான்னு தெருவுல நின்னு பேசிட்டுப் போறா" என்றார். மாமனார் காதில் விழும்படிதான் சொன்னார். பெரியவர் அடுத்த சொம்பை எடுக்க எழுந்தார். பொன்மணி, "பூட்டு வேண்டாம் மாமா. கதவுல ஒரு மணி கட்டிவிடுங்க. தாத்தா தொறக்கும்போதெல்லாம் நான் வையிறேன்" என்றாள்.

மறுநாள் புதன். சூப்பர்வைசரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வோல்ட்டைப் பார்த்தேன், கதவையும் பார்த்தேன் என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார். "கதவுக்கு நம்மகிட்ட சாமான் கிடையாது. வோல்ட்டுக்கு இருக்கு. ஸ்டெபிலைசர் அனுப்புறேன், மாட்டு" என்றார். சரியான பேச்சு. வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

18ஆம் தேதி சனிக்கிழமை மாட்டினேன். நண்பகலில், எல்லா மோட்டாரும் ஓடுகிற நேரத்தில், கம்ப்ரசர் தடையில்லாமல் எழும்பியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்கு உண்டான சந்தோஷத்தை இப்போதும் நினைக்க முடிகிறது. குளிரைக் கூட்டிக் குறைக்கிற குமிழை மூன்றில் வைத்தேன். மாலை வரை இருந்து பார்த்தேன். கதவு அத்தனை தடவை திறந்தும் தண்ணீர் நாற்பத்திரண்டுக்கு மேல் ஏறவில்லை. தெர்மாமீட்டர் நின்ற நடுத்தட்டைக் காட்டி, மருந்தை இங்கேயே வையுங்கள், குமிழைத் தொட வேண்டாம் என்று மங்கையிடம் சொன்னேன். பெரியவர் எனக்கும் ஒரு சொம்பு கொடுத்தார். பல் கூசக் குடித்துவிட்டுப் பஸ் ஏறினேன். என் கணக்கில் அந்தப் பெட்டி சரியாகிவிட்டது.

24ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போது பெரியவர் பந்தலில் இருந்தார். என்னைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்தது.

"வாங்க தம்பி! நீங்க மாட்டுன டப்பா ஜோரா இருக்கு. கொஞ்சம் கூடுதலா குளுந்துருச்சு, அவ்வளவுதான். சொம்பு உள்ளயே ஒட்டிக்கிடுது, எடுக்க முடியல. அதுக்குத்தான் சொல்லிவிட்டேன்."

"குமிழ யாராவது திருகுனாகளா அய்யா?"

"நாந்தான். நீங்க போன அன்னிக்கே கடைசி மட்டும் திருகிட்டேன். நீங்களே சொன்னீகள்ல, வாரவன் போறவன் எல்லாம் கதவத் தொறந்தா மருந்து கெட்டுப்போகும்னு. தண்ணி குடுக்காமயும் இருக்க முடியாது. அதான் மருந்த மேல ஐஸுக்குள்ளயே பொதச்சு வச்சிட்டேன். இனி சூரியன் எறங்கி வந்தாலும் ஒண்ணும் செய்ய முடியாது."

வீட்டுக்குள் நுழைந்ததும் எனக்கு ஒரு வாடை அடித்தது. அழுகப் போகிற பழத்தின் வாடை. கசிவை மூக்கால் கண்டுபிடிக்கிற தொழில். வாடை என்றால் முதலில் பெட்டியைத்தான் திறப்பேன். ஒவ்வொரு தட்டாகப் பார்த்தேன். பழம் எதுவும் இல்லை. பாறையாக உறைந்த சொம்புகள் இருந்தன. பிரீசர் அறையில் பனி மூடிக் கிடந்தது. அதற்குள் மருந்துப் பாட்டிலின் மூடி மட்டும் தெரிந்தது. கீழே குனிந்து பெட்டிக்கு அடியிலும் பார்த்தேன்.

வாடை என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தது. பொன்மணி பாயில் படுத்திருந்தாள். ஓடிவந்தவள் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அவள் மூச்சில்தான் அந்த வாடை இருந்தது. சர்க்கரை மிஞ்சிப்போனால் மூச்சில் வருகிற வாடை அது என்று பிறகு டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. பக்கத்தில் ஒரு காலிச் சொம்பு.

"அஞ்சு நாளாத் தண்ணி தண்ணின்னு குடிச்சுக்கிட்டே இருக்காண்ணே" என்றார் மங்கை. "வெயிலுக்கு எல்லாருந்தான் குடிக்காகன்னு மாமா சொல்றாக. முந்தாநேத்து கொல்லையில அவ ஒண்ணுக்கு இருந்த எடத்துல எறும்பு மொய்ச்சுக் கெடக்கு. ஊசி ரெண்டு வேளையும் தப்பாமத்தான் போடுறேன். காலம்பர பாட்டில எடுத்து உள்ளங்கையில வச்சு உருட்டி, உருகுனதும் அளந்து போடுறேன். அளவுல ஒரு சொட்டுக் கூடக் கொறையல."

ஊரே தாகமாக இருந்தது. ஒரு பிள்ளையின் தாகத்தை அதிலிருந்து யார் பிரித்துப் பார்ப்பார்கள்?

எனக்குப் பெட்டி தெரியும், மருந்து தெரியாது. ஆனாலும் அந்தப் பாட்டிலைப் பனியிலிருந்து பெயர்த்துத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டேன். கரி மூட்டை ஏற்றிக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் போன லாரியைப் பெரியவர் பந்தலடியில் கைகாட்டி நிறுத்தினார். லாரிக்காரர் அங்கே தினமும் தண்ணீர் குடிக்கிறவர். ஒன்றும் கேட்காமல் பிள்ளையையும் தாயையும் முன்னால் ஏற்றிக்கொண்டார். பெரியவரும் நானும் மூட்டைகளின் மேல் உட்கார்ந்தோம். பாலம் ஒன்றைத் தாண்டும்போது பெரியவர், "இந்த வெயிலுதான் தம்பி, பாவி வெயிலு" என்றார்.

டவுன் டாக்டர் பிள்ளையைப் பார்த்ததுமே உள்ளே எடுத்துப் போகச் சொன்னார். ஊசி மருந்து எங்கே என்று கேட்டார். துண்டைப் பிரித்துக் கொடுத்தேன். வழியிலேயே உருகியிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மெல்லச் சாய்த்தார். பால் மாதிரி இருக்க வேண்டிய மருந்து திரிந்து, பாட்டில் ஓரத்தில் துணுக்குத் துணுக்காக ஒட்டியிருந்தது.

"இது உறைஞ்சு உருகின மருந்து. இதுல சத்து இல்ல. பச்சைத் தண்ணியப் போட்ட மாதிரிதான்" என்றார்.

பெரியவருக்கு விளங்கவில்லை. கரித்தூள் படிந்த வேட்டியோடு டாக்டருக்கு முன்னால் போய் நின்றார்.

"குளுந்தா கெட்டுப்போகுமா, சாமி?"

டாக்டர் ஆமாம் என்றார்.

"எங்க ஊர்ல குளுந்து எதுவும் கெட்டதில்லயே."

டாக்டர் உள்ளே போய்விட்டார். புது மருந்து கடைவீதியில் கிடைத்தது. நான்தான் ஓடிப்போய் வாங்கி வந்தேன். நரம்பில் உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். நர்சு இரண்டு பேர் பிள்ளையை விட்டு நகரவில்லை. மங்கை கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். பொன்மணி ஒரே ஒரு தடவை கண்ணைத் திறந்தாள். தண்ணீர் கேட்டாள். உதட்டை நனைத்தார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு மூச்சு அடங்கிவிட்டது.

மங்கை அழவில்லை. யாரையும் பார்க்காமல் பேசினார்.

"பெட்டி வாரதுக்கு முன்னால மண்பானையில மணல் போட்டு, நனைச்சு நனைச்சு அதுக்குள்ள மருந்த வச்சிருந்தேன். ரெண்டு கோடை. எம்புள்ள நல்லாத்தான் இருந்தா."

சேதி கேட்டு, விருதுநகரிலிருந்து பொன்மணியின் தகப்பனார் வாடகைக் காரில் வந்து சேர்ந்தார். நானும் அவர்களோடு ஊருக்குப் போனேன். பிள்ளையை அன்றிரவே அடக்கம் செய்தார்கள். திரும்பிப் போகப் பஸ் இல்லாததால் அங்கேயே தங்கினேன். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சுவரோரம் படுத்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சீரான சத்தம். கம்ப்ரசரில் குறையில்லை. ஸ்டெபிலைசரில் குறையில்லை. மருந்தின் அளவில் குறையில்லை. தண்ணீர் கொடுத்ததை எப்படிக் குறை என்பது? பூட்டு என் பையிலேயே கிடந்தது. ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தேன். இன்றைக்கும் பார்க்கிறேன். கழற்றி மாற்ற வேண்டிய சாமான் எது என்று தெரியவில்லை. பையன்கள் வந்து கேட்கும்போது, குமிழை எத்தனையில் வைக்க வேண்டும் என்று சொல்கிறேன். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது.

மறுநாள் சனிக்கிழமை. வெளுக்கத் தொடங்கியதும் பையை எடுத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தேன். பெரியவர் எனக்கு முன்பே அங்கே இருந்தார். கிணற்றிலிருந்து இரண்டு குடம் கொண்டுவந்து பந்தல் பானைகளைக் கழுவி நிரப்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். மறுபடி குடத்தைச் சாய்த்தார்.

முதல் பஸ் வந்து நின்றது. அசலூர் ஆட்கள் நாலைந்து பேர் இறங்கி வந்து கையேந்தினார்கள். அவர் அகப்பையால் மொண்டு ஊற்றினார். தலைப்பாகை கட்டிய ஒருவர் குடித்துவிட்டு வாயைத் துடைத்தபடி, "என்னய்யா, இங்க ஐஸ் தண்ணி குடுக்காகன்னு சொன்னாங்களே, இல்லயா?" என்றார்.

"இல்லப்பா. கெணத்துத் தண்ணிதான்."

அவர்கள் ஏறிக்கொண்டார்கள். கண்டக்டர் என்னைக் கூப்பிட்டார். பெரியவர் அகப்பையை மறுபடி முக்கி, என் பக்கம் நீட்டி, அப்படியே நின்றார். பையைக் கீழே வைத்துவிட்டு நானும் கையேந்திக் குடித்தேன்.